சீசன் பிள்ளைகளின் சிவப்புப் பக்கம்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன் என்பது வேறு விஷயம். முப்பது வருடத்துக்கு மேல் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, எஸ்டேட் ஆபீஸ், பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், சர்ச் என்று ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் இருந்த இடமெல்லாம் போய் வந்தவள் நான். மலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் ‘கம்ப்யூட்டர் அக்கா’தான். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ரேஷன் கடையில் யாராவது “அக்கா, பிரிண்டர் வேலை செய்யலை” என்றால் இன்றைக்கும் கை பரபரக்கிறது.

எந்த ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் போனில் வீடியோ பார்த்துக்கொள்வீர்கள். வீடியோவில் கிடைக்காத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. நம் மெஷின்களில் வருடத்துக்கு ஒரு புது வசதி வருகிறதே, அதைப் பற்றியது. புது வசதி என்றாலே முகம் சுளிக்கும் ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவற்றின் மேல் பைத்தியம். நானே ஒன்றிரண்டு கண்டுபிடித்தவள்.

முதல் கண்டுபிடிப்பு ஒரு பல்பு. மழைக்காலத்தில் ஏற்காட்டில் மேகம் ஆபீசுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்கேனர் கண்ணாடியின் அடிப்பக்கம் ஈரம் படிந்து, வருகிற படமெல்லாம் மங்கலாக இருக்கும். காகிதமும் நமுத்துப்போய், இரண்டு தாள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு மெஷினுக்குள் போகும். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு மர அலமாரிக்குள் ஸ்கேனரையும் அன்றைக்கு வேண்டிய காகிதங்களையும் வைத்து, உள்ளே நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். எல்லாம் மொறுமொறு என்று காய்ந்துவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்கள் வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சேலத்தில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஒருநாள் மேலே வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

“இது எதைத் தூக்கி எறியுதும்மா?” என்று கேட்டார்.

“ஒண்ணையும் எறியலைங்க சார். ஈரத்தை மட்டுந்தான்.”

“ஈரம் போனா பழைய பேப்பர் என்னாகும்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. இரண்டே வாரத்தில் ஓர் எஸ்டேட்டின் பழைய வரைபடம் அப்பளமாக நொறுங்கி என் கையிலேயே உதிர்ந்தபோதுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு மெஷினுக்கு மட்டும் பல்பு, காகிதம் வெளியே என்று மாற்றிக்கொண்டேன். எந்தப் புது வசதியைக் காட்டினாலும் அவர் கேட்பது அந்த ஒரு கேள்விதான். அதோடு ஒரு பழக்கத்தையும் எனக்கு ஏற்படுத்திவைத்தார். எத்தனை தாள் உள்ளே போடுகிறோமோ அதை எண்ணிப் போட வேண்டும். எத்தனை படம் வெளியே வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

கேள்வியையும் பழக்கத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் பரீட்சை அன்றைக்கு ஞாபகம் வருமா என்ன?

நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஒரு பழைய பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். நடந்த தப்பு என்னுடையது, அவர்களை எதற்கு இழுக்க வேண்டும்? அங்கே தலைமை ஆசிரியையாக இருந்தவர் ஸ்டெல்லா டீச்சர். பள்ளிக்கூடத்தின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, பெயர்களைக் கம்ப்யூட்டரில் தேடுகிற மாதிரி செய்து தரச் சொன்னார். யாராவது சான்றிதழ் கேட்டு வந்தால் கரையான் தின்ற பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டி அவருக்குத் தும்மல் நோயே வந்துவிட்டதாம்.

அப்போதுதான் எங்கள் கம்பெனிக்குப் புது ஸ்கேனர் வந்திருந்தது. மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷின். ஆனால் அதற்கு என்னென்ன தெரியும் என்கிறீர்கள்! கோணலாகப் போன தாளை நேராக்கும். ஒன்றும் எழுதாத பக்கத்தைத் தானே கண்டுபிடித்து நீக்கிவிடும். ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிடு என்று சொன்னால் விட்டுவிடும். விண்ணப்பப் படிவங்களில் சிவப்பில் அச்சடித்த கட்டங்கள் இருக்குமே, அந்தக் கட்டங்கள் மறைந்து நாம் எழுதியது மட்டும் தெரிவதற்காக வந்த வசதி அது.

பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளில் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. கரையான் அரித்த ஓட்டை, ஈரக்கறை, அதற்கு மேல் இந்தக் கோடுகள். சிவப்பை விடு, வெற்றுப் பக்கத்தை நீக்கு என்று இரண்டையும் போட்டு முதல் தாளை விட்டேன். கோடெல்லாம் போய், கருநீல மையில் எழுதிய பெயர்கள் மட்டும் திரையில் பளிச்சென்று நின்றன.

“ஏனுங்க, தொவைச்சு இஸ்திரி போட்ட மாதிரியில்ல இருக்குது!” என்று ஸ்டெல்லா டீச்சர் கைதட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தாள்களை எண்ணித்தான் போட்டேன். நூறு போட்டால் எண்பத்தாறு வரும், எழுபத்தொன்பது வரும். வெற்றுப் பக்கம் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெற்றுப் பக்கத்தை நீக்கும் மெஷினிடம் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? இரண்டாம் நாள் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

பதிவேடுகளோடு ஒரு கட்டு, பக்கம் குறைந்த நோட்டுகளும் இருந்தன. ஸ்டெல்லா டீச்சர் அந்தப் பள்ளிக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்னால் இருந்த தலைமை ஆசிரியர் எழுதியவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் ‘சீசன் பிள்ளைகள் - ஆண்டுக் கணக்கில் சேராது’ என்று கருநீல மையில் இருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் வேறு ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக எஸ்டேட்டுக்கு வந்து தங்குவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்த இரண்டு மூன்று மாதம் மட்டும் பள்ளிக்கூடத்தில் உட்காரும். அப்படி வந்தவர்களின் நோட்டு. தையலைப் பிரித்துக் கத்தையாக மெஷினில் வைத்தேன். அட்டைகள் மட்டும் திரையில் வந்தன. உள்ளே எல்லாம் காலி போலிருக்கிறது, கணக்கில் சேராத நோட்டுதானே என்று அடுத்த கட்டுக்குப் போய்விட்டேன். கையால் எடுத்துக் கொடுத்தது நான்தான். என் கண் அதைப் பார்க்காமலா இருந்திருக்கும்? இரண்டு நாளாகச் சிவப்பு என்றால் கோடு என்று மனசு முடிவு செய்து வைத்திருந்தது.

கிளம்பும்போது, “டீச்சர், எல்லாம் உள்ளே வந்தாச்சு. இனிமே உங்களுக்குப் பேப்பரே தேவையில்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்றரை மாதம் கழித்துப் பிரிண்டர் தகராறு என்று மறுபடியும் அங்கே போனேன். பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஒரு பெண் ஜவுளிக்கடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், இன்னொருக்கா பாருங்க. காவேரிங்க. அப்பா பேரு ஆண்டி. ஊரு வெள்ளக்கடை.”

“மூணு தரம் பாத்துட்டேன்மா. எல்லா வருசமும் கம்ப்யூட்டர்ல இருக்குது. உம்பேரு இல்லை” என்றார் ஸ்டெல்லா டீச்சர். அவர் குரலில் எரிச்சல் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

என்ன விஷயம் என்று கேட்டேன். காவேரி என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டாள் போல. பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து எனக்குக் காட்ட ஆரம்பித்தாள்.

“அங்கன்வாடியில ஆயா வேலைக்குப் போட்டிருக்கறனுங்க. நாளான்னைக்கு இன்டர்வியூங்க. எங்க ஊட்டுக்காரரு மொளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல ஏறி உளுந்துட்டாருங்க. இடுப்பு போச்சுது. இனி எந்திரிச்சு வேலை செய்ய மாட்டாருன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. ரெண்டு புள்ளைங்க. இந்த வேலை கெடைச்சா ஊரோட இருந்துக்குவனுங்க.”

“அதுக்கு இங்கே என்ன?”

“வயசுங்கக்கா. ஆதார் எடுக்க வந்தவங்க எம்மூஞ்சியப் பாத்தே ஒரு வருசத்தப் போட்டுட்டாங்க. வெயில்ல வேலை செஞ்ச மூஞ்சிங்க, நாலு வருசம் கூடத்தானே தெரியும்? அந்த வயசு வச்சுப் பாத்தா வேலைக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. நான் பொறந்தது இந்த எஸ்டேட்டு டிஸ்பென்சரியில. பொறந்த தேதி எழுதுன சீட்டு தொலைஞ்சு போச்சுது. ஆனா அந்தச் சீட்டப் பாத்துத்தான் இந்தப் பள்ளிக்கூடத்துல பேரு எழுதுனாங்க. அது இங்க இருக்கோணுமுங்க.”

இந்த இடத்தில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்களும் ஒருநாள் இதே வாக்கியத்தைச் சொல்லப் போகிறவர்கள்.

“அந்த லிஸ்ட் நான் போட்டதும்மா. அதுல இல்லைன்னா இங்க நீ படிக்கலைன்னு அர்த்தம். வேற பள்ளிக்கூடமா இருக்கும், நல்லா யோசிச்சுப் பாரு.”

வெள்ளக்கடையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பாதி தூரம் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டும் பாதி தூரம் நடந்தும் வந்திருந்தவள். அவள் என்னிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

“சரிங்க. மெஷினு பொய் சொல்லுங்களா? நான்தான் எங்கியோ மறந்திருப்பேன்” என்று திரும்பினாள். இரண்டு படி இறங்கி நின்றாள். எங்களிடம் சொல்வதா, தனக்கே சொல்லிக்கொள்வதா என்று தெரியாத மாதிரி, “ஆனா எம்பேரு செவப்பு மையில இருந்துச்சுங்களே. அத்தனை புள்ளைங்க பேரும் நீலத்துல, எங்க கொஞ்சம் பேருக்கு மட்டும் செவப்பு. எனக்கு நொம்பப் பெருமைங்க. இதுல எப்படி மறதி வரும்?” என்றாள்.

கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டெல்லா டீச்சரின் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாகக் ‘காவேரி’ என்று எழுதினேன். வேறோர் இடத்து வேலைக்காக நான் கொண்டு வந்திருந்ததும் அதே ஸ்கேனர்தான். பதிவேடுகளுக்கு வைத்திருந்த அதே அமைப்பில் அந்தத் தாளை உள்ளே விட்டேன். தாள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது: ‘வெற்றுப் பக்கம் நீக்கப்பட்டது.’

காவேரி படியேறி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பேரு எங்கங்க போச்சு?” என்றாள்.

நான் டீச்சரிடம் திரும்பி, “அந்த சீசன் நோட்டெல்லாம் எங்கே?” என்றேன்.

பெரிய பதிவேடுகளை விதிப்படி பீரோவில் பூட்டி வைத்திருந்தார். சீசன் நோட்டு எந்த விதியிலும் இல்லை. டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “நீங்கதானுங்க பேப்பரே வேண்டாம்னீங்க. பழைய பரீட்சைப் பேப்பரோட சேத்து பஸ் ஸ்டாப் போண்டாக் கடைக்குக் குடுத்துட்டேன். பொட்டலத்துக்கு ஆகும்னு கேட்டாங்க.”

மூன்று பேரும் ஓடினோம். டீச்சருக்கு மூட்டுவலி. அவர் பின்னாலேயே “நில்லுங்க, நில்லுங்க” என்று வந்தார். கடையில் காலைக் கூட்டம் முடிந்து நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் கையில் இருந்த போண்டாப் பொட்டலத்தில் சிவப்பு எழுத்து எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவரிடம் போய், “அண்ணா, பேப்பரக் குடுங்க” என்று கிட்டத்தட்டப் பிடுங்கினேன். அவர் போண்டாவை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு சூடு தாங்காமல் குதித்தார். சிரிக்கிற இடம்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“ஒண்ணரை மாசமாக் கிழிச்சிட்டிருக்கறனுங்களே, நல்ல தடிப் பேப்பருங்க” என்று கடைக்கார அம்மா, கல் வைத்து அழுத்தியிருந்த மிச்சக் கத்தையை எடுத்துக் கொடுத்தார். கால்வாசிகூட இல்லை. காவேரி தரையில் உட்கார்ந்து தாள் தாளாகப் பார்த்தாள். விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். ஒரு வரியைக்கூட விடவில்லை. ஒரு தாளில் அவள் அண்ணன் பெயர் இருந்தது. இன்னொன்றில் கூட விளையாடிய பெண்ணின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. கத்தை தீர்ந்துவிட்டது.

அப்போது கடைக்கார அம்மா, “ஏங்கண்ணு, தட்டுக்கு அடியில ஒண்ணு விரிச்சிருக்கறேன். அதையும் பாரு” என்று பஜ்ஜித் தட்டைத் தூக்கினார். எண்ணெயில் ஊறிப் பின்பக்க எழுத்தும் முன்பக்க எழுத்தும் ஒன்றாகத் தெரிகிற ஒரு தாள். காவேரி அதை முந்தானையால் ஒற்றினாள். ஐந்தாவது வரியில் அவள் இருந்தாள். காவேரி, தந்தை பெயர் ஆண்டி, வெள்ளக்கடை, பிறந்த தேதி, ஓரத்தில் ‘எஸ்டேட் டிஸ்பென்சரி சீட்டுப்படி.’ அவள் சத்தமில்லாமல் அழுதாள். நானும்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்ததும் ஸ்டெல்லா டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து மூட்டைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

“நான் சான்று தர்றேன். ஆனா போன வாரம் வட்டார ஆபீசுல விசாரிச்சுக் கேட்டதுக்கு ‘இந்தப் பேரு எங்க பள்ளியில இல்லை’ன்னு நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கறேன். இல்லாத பேரு ஒரு வாரத்துல எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. பணம் வாங்கிட்டு எழுதுனாங்கன்னுகூடச் சொல்வாங்க. ஸ்கேன்ல தப்பு நடந்துருச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்தா, அதையும் சேத்து வைக்கறேன்.”

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் மனசு என்னவெல்லாம் கணக்குப் போட்டது தெரியுமா? எழுதிக் கொடுத்தால் கம்பெனியின் பெயர் கெடும். அதே மெஷினை வைத்து அதே மாதிரி நாலைந்து இடங்களில் வேலை முடித்திருந்தேன், அத்தனையும் கேள்விக்குள்ளாகும். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. கரையான் அரித்ததில் படிக்க முடியாமல் போனது, இப்போது கிடைத்தது என்று எழுதினால் எல்லாருக்கும் நல்லது. கரையான் வந்து மறுக்கப் போவதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். டீச்சர் மறுக்கவில்லை. அவருக்கும் பயம்தான்.

காவேரி, கடையிலிருந்து மிச்சக் கத்தையோடு வந்திருந்த நோட்டு அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். “சீசன் பிள்ளைகள்... ஆண்டுக் கணக்கில்... சேராது.” இன்னொரு தரம் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப செவப்பு அதுக்குத்தாங்களா?”

அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“எங்களக் கணக்குல சேக்கக் கூடாதுன்னுதான் செவப்புல எழுதுனாங்களா? நான் இத்தனை வருசமா எம்புள்ளைங்ககிட்டச் சொல்லிட்டிருக்கறேன், எம்பேரு மட்டும் தனியாச் செவப்புல இருக்குமுன்னு.”

அந்தப் பழைய தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை என்று சொல்ல முயன்றேன். சேர்த்துக்கொள்ள விதி இல்லாதபோதும் உட்கார வைத்திருக்கிறார், பெயர் எழுதி வைத்திருக்கிறார், டிஸ்பென்சரி சீட்டைக்கூட மெனக்கெட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றேன். “நல்லவருதானுங்க. மத்தியானம் எங்களுக்கும் சேத்துத்தான் சோறு போடுவாரு” என்றாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். முப்பது வருடமாக அவள் வைத்திருந்த ஒரே பெருமையைக் காலையில் நான் ‘நீ இங்கே படிக்கவே இல்லை’ என்று ஒரு தரம் பறித்தேன். மத்தியானம் அந்த அட்டை இன்னொரு தரம் பறித்துவிட்டது.

அதற்கப்புறம் கரையான் மேல் பழி போட எனக்குக் கை வரவில்லை. தாள் கேட்டு வாங்கி எழுதினேன். ‘இந்தப் பதிவேடுகளை ஸ்கேன் செய்தது நான். சிவப்பு நிறத்தையும் வெற்றுப் பக்கங்களையும் நீக்கும் அமைப்பை வைத்தது நான். அதனால் சிவப்பு மையில் எழுதப்பட்ட பெயர்கள் அனைத்தும் விடுபட்டுப்போயின. எண்ணிச் சரிபார்க்காதது என் தவறு. பதிவேட்டிலோ பள்ளியிலோ தவறு இல்லை.’ கையெழுத்துப் போட்டு, போன் நம்பரும் எழுதினேன். டீச்சர் அதைப் படித்துவிட்டு, “பேப்பரக் கடைக்குக் குடுத்தது நான்னும் ஒரு வரி சேத்திக்குங்க” என்றார். அவரே சேர்த்து எழுதினார்.

எண்ணெய்த் தாளை ஸ்கேன் செய்வதற்கு என்னுடைய இரண்டாவது கண்டுபிடிப்பு உதவியது. தாளுக்குப் பின்னால் ஒரு கருப்பு அட்டை வைத்தால் மறுபக்கத்து எழுத்து தெரியாது, அவ்வளவுதான் அந்தக் கண்டுபிடிப்பு. மெஷினில் சிவப்பை விடு என்பதை மாற்றிப் பச்சையை விடு என்று போட்டேன். அப்படிப் போட்டால் சிவப்பு கருப்பாக எழுந்து நிற்கும். காலையில் அவளை அழித்த அதே வசதிதான். அச்சில் வந்த பிரதியைக் காவேரி வாங்கிப் பார்த்தாள். நிறம் போய்விட்டதே என்று வருத்தப்படுவாளோ என்று, “வேணும்னா டவுனுக்குப் போய்க் கலர்ல எடுத்துத் தர்றேன் சாமி” என்றேன்.

“வேண்டாமுங்க. கருப்பாவே இருக்கட்டும்” என்றாள்.

காவேரிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று டீச்சர்தான் போன் செய்து சொன்னார். எனக்குக் கம்பெனியில் கிடைத்த தண்டனையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன், நான் அதற்குத் தகுதியானவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி அந்தப் பள்ளியின் பதிவேடுகளையும், அதே அமைப்பில் முடித்த மற்ற இடத்துக் காகிதங்களையும் முதலிலிருந்து கலரில் ஸ்கேன் செய்தேன். இந்த முறை தாளுக்குத் தாள் எண்ணினேன். ஆனால் கடையில் கிழிபட்ட பக்கங்களை யார் கொண்டு வருவார்கள்? எத்தனை பிள்ளைகள் போண்டாவோடு போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் யாராவது எங்கேயாவது ஒரு ஆபீஸ் வாசலில் நின்று, “நான்தான் மறந்திருப்பேன்” என்று திரும்பிப் போயிருப்பார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் வெள்ளக்கடையில் ஒரு வேலைக்குப் போனபோது, அங்கன்வாடியை எட்டிப் பார்த்தேன். காவேரி பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். காப்பி சீசன், வெளியூர்ப் பிள்ளைகளும் இருந்தன. மேஜை மேல் வருகைப் பதிவேடு திறந்திருந்தது. பழக்கதோஷம், குனிந்து பார்த்தேன். எல்லாப் பெயரும் ஒரே நீல மையில், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே பக்கத்தில் இருந்தன. உள்ளூர்ப் பிள்ளை எது, சீசன் பிள்ளை எது என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அங்கே டீச்சராக இருந்த பெண் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். “பாருங்கக்கா, இருந்த செவப்புப் பேனாவ ஆயா எங்கியோ ஒளிச்சு வச்சுட்டாங்க. கேட்டாத் தொலைஞ்சு போச்சுங்கறாங்க.”

காவேரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, “அக்கா, பையில மெஷின் இருக்குதுங்களா? இந்தப் பக்கத்தப் போட்டா எல்லாப் பேரும் வருமுங்களா?” என்று கேட்டாள்.

“வரும்.”

“போட்டுக் காட்டுங்க.”

மெஷினை எடுத்து மேஜையில் வைத்து, அவள் பதிவேட்டிலிருந்து கழற்றிக் கொடுத்த தாளை உள்ளே விட்டேன். தாளின் மேல் விரல் வைத்து அவள் எண்ணினாள், திரையின் மேல் விரல் வைத்து நான் எண்ணினேன். உள்ளே பதினேழு பிள்ளைகள் போனார்கள். வெளியே பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். அதற்கப்புறம்தான் அவள் மறுசோறு போடப் போனாள்.